‘ஐந்து நிமிடக் கேஸ்’ என்று சொல்லும் தோழர்களுக்கு

மயக்கவியல் தோழர்களுக்கு வணக்கம்.

மயக்கத்தில் மூளைக்கு மின்சாரம் கொடுத்து, வலிப்பை வரவழைத்து மனநோய்க்குச் செய்யும் சிகிச்சையான ஈ.சி.டி.யின் பட்டியல் நம் பங்குக்கு வந்தால் நம் முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். “ஐந்து நிமிடக் கேஸ்தானே!” நானும் அப்படிச் சொன்னவன்தான்.

1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது தசைத் தளர்த்தி கிடையாது. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. அதைத் தடுத்தது நம் ஊசி. ஆனால் எலும்பைக் காக்க சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியைப் போட்டதுமே நோயாளியின் மூச்சு நம் கைக்கு வந்துவிடுகிறது.

அங்கேதான் அவசரப்படுகிறோம். ஒப்புக்கு நாலு முறை மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்திவிட்டு, மின்சாரம் கொடுக்கலாம் என்று மனநல மருத்துவருக்குத் தலையாட்டுகிறோம். வலிப்பின்போது மூளை ஆக்சிஜனை வாரி விழுங்கும். அதற்கான இருப்பை முன்னாலேயே ஏற்றிவைக்க வேண்டாமா? கொஞ்சம் வேகமாக மூச்சுக் கொடுத்தால் கரியமில வாயு குறையும், வலிப்பும் எளிதாக வந்து போதிய நேரம் நீடிக்கும். வலிப்பு சரியாக வரவில்லை என்று மின்சார அளவைக் கூட்டும் முன், பையை எப்படி அழுத்தினோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

சக்சினைல்கோலின் போட்டதும் முகத்தில் தொடங்கும் தசைத்துடிப்பு கால்வரை இறங்கி ஓயட்டும், பிறகு மின்சாரம். மயக்க மருந்தான ப்ரோபோஃபால் கூடினால் வலிப்பு சுருங்கும் என்பது உண்மைதான். அதற்காக அளவை ஒரேயடியாகக் குறைத்து, அசைய முடியாத உடம்புக்குள் ஒரு மனிதரை விழித்திருக்க வைத்துவிடாதீர்கள். பற்களுக்கு இடையில் வைக்கும் பைட் பிளாக்கையும் மறக்கக் கூடாது. மின்சாரம் தாடைத் தசையை நேராகவே இறுக்கும். தளர்த்தி அதைத் தடுக்காது.

ஒருமுறை ஒரு பெண்மணிக்கு மூச்சு திரும்பவே நேரமானது. கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பையை அழுத்திக்கொண்டிருந்தேன். வெளியே அடுத்தவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். சக்சினைல்கோலினைச் சிதைக்கும் நொதி சிலருக்குக் குறைவு என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. அதைவிட உறுத்தியது, முந்தைய முறையும் அவருக்கு இப்படித்தான் தாமதமாயிற்று என்று ஒரு நர்ஸ் சொன்னது. அவருடைய மயக்கக் குறிப்புத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாரம் இரண்டு மூன்று முறை என்று 6 முதல் 12 தடவை வரைகூட வருகிறவர்கள் இவர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கை. மருந்தின் அளவு, மாஸ்க் பொருந்திய விதம், மூச்சு திரும்பிய நேரம் மூன்றையும் எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும்.

நாளைய பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிடும் முன், வாயில் சேரும் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷனைப் போட்டுப் பாருங்கள். போன வாரம் எங்கள் அறையில் அது இழுக்கவில்லை.