மீனு நின்றாள்

அன்புள்ள சுமதி,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். ராகவன் அந்த மீசையை இன்னும் எடுக்கவில்லை, நீ கட்டிய பந்தயத்தில் தோற்றாய்.

சொல்ல வந்தது இதுதான். பிறவியிலேயே எலும்பு சட்டென்று உடைகிற நோய் (ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா) உள்ள என் பெண் மீனு, போன வியாழக்கிழமை வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கால் நடுங்குகிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், நான் இடுப்பைப் பிடித்திருக்கிறேன், "கையை எடும்மா" என்கிறாள். எடுத்தேன். அரை நிமிஷம் இருக்கும்.

இரண்டு தொடை எலும்பிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகியது, எலும்பு வளர வளர அதுவும் நீளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரோனிக் அமிலம் டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். முதல் தடவை உடம்பு அனலாய்க் கொதித்தது, அப்புறம் அவ்வளவு இல்லை. நோயை அது தீர்க்காது, எலும்பு கரைவதைத்தான் மட்டுப்படுத்தும்.

இவ்வளவு நாள் நான் செய்த தப்பு என்ன தெரியுமா? உடைந்துவிடும் என்று பயந்து அவளைத் தரையிலேயே விடவில்லை. உடைந்தால் மாவுக்கட்டு, கட்டோடு படுத்தே கிடந்தால் எலும்பும் தசையும் இன்னும் மெலியும், மெலிந்தது மறுபடி உடையும். பிசியோதெரபிஸ்ட் இதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இப்போது தண்ணீரில்தான் பயிற்சி. அங்கே உடம்புப் பாரம் தெரியாததால் மீன் மாதிரி இருக்கிறாள்.

சொந்தக்காரர்களிடம்தான் முடியவில்லை. "பால் கொடுக்கவில்லையா, கால்சியம் கொடுக்கவில்லையா" என்று கேள்வி. சுண்ணாம்புச் சத்து வேண்டும்தான், ஆனால் குறை அதில் இல்லை, அதைத் தாங்கும் கொலாஜன் புரதத்தில். எத்தனை பேருக்குச் சொல்வது? ஒரு ஆஸ்பத்திரியில் "குழந்தையை அடித்தீர்களா" என்றே கேட்டார்கள். அவர்கள் கேட்கத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்தப் பார்வை மறக்கவில்லை.

போன கடிதத்தில் நீ ஒன்று கேட்டிருந்தாய், எத்தனை வயது வரை இருப்பாள் என்று. அதற்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. இந்த நோயை 1979-இல் நான்கு வகைகளாக வகுத்தார்கள், அதில் இவளுக்கு நான்காவது. இரண்டாம் வகைக் குழந்தைகள் பெரும்பாலும் பிறந்த கொஞ்ச நாளிலேயே போய்விடுகிறார்கள்; மூன்றாவதும் கடுமையானது. இவள் வகையில் ஏறக்குறைய எல்லாரையும் போல வாழலாம் என்கிறார்கள். வயதுக்கு வந்தபின் முறிவுகள் பொதுவாகக் குறையும். முதுகு வளைந்தால் நுரையீரலுக்கு இடம் போதாது, அதனால் அதை விடாமல் பார்க்க வேண்டும். பெரியவளானதும் காது மந்தமாகலாம், அதற்கும் பரிசோதனை. மூளைக்கு ஒரு குறையும் இல்லை, நேற்று கணக்கில் என்னைத் திருத்தினாள்.

சரி, நீ எப்போது வருகிறாய்? வந்ததும் ஆசையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடாதே. ஒரு கை தொடைக்கும் பிட்டத்துக்கும் அடியில், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால், விரல்களை நன்றாக விரித்துக்கொள். மெதுவாக. எப்படி என்று அவளே சொல்லித் தருவாள்.

உன்,
கலா