கேம் பாயைப் பிரித்துப் பார்த்தேன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் நான் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கேம் பாயை, அதுதான் நீ சின்ன வயதில் கையில் வைத்து ஆடிய வீடியோ கேம் பெட்டியை, அனுப்பச் சொன்னாய். கூடவே, இந்தக் காலத்துப் பிள்ளை அதைத் தொடுவானா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்றும் கேட்டாய். பரணிலிருந்து இறக்கி முழுவதும் பிரித்துப் பார்த்துவிட்டேன். டிவி ரிப்பேர் செய்தே பிழைப்பை ஓட்டியவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், முடிவை நீ எடுத்துக்கொள்.

அதன் பெரிய குறை திரைதான். மொத்தமே 160க்கு 144 புள்ளிகள். நிறம் கிடையாது, பாசி படிந்த பச்சையில் நான்கு அழுத்தங்கள், அவ்வளவுதான். உள்ளே விளக்கும் இல்லை. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படம் காட்டும். நீ இரவில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அதனால்தான். படம் வேகமாக ஓடினால் பின்னால் நிழல் இழுபடும். பக்கத்தில் இருக்கும் சக்கரத்தை எவ்வளவு திருகினாலும் ஒன்று வெளிறும், இல்லையென்றால் இருண்டுவிடும். "கண்ணைக் கெடுக்கும் பெட்டி" என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஆனால் 1989இல் அதைச் செய்த ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துக்காரர்கள் விவரம் தெரியாமல் செய்யவில்லை. குன்பெய் யோகோய் என்பவர் அந்தக் குழுவின் தலைவர். புதிதாக வந்த விலை உயர்ந்த பாகங்களின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி விலை இறங்கிய பாகங்களை வைத்துப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் லின்க்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் சேகாவின் கேம் கியர். இரண்டிலும் வண்ணத் திரை, உள்ளே விளக்கு. பார்க்க ஜோர்தான். ஆனால் ஆறு பென்சில் பேட்டரி போட்டாலும் நான்கைந்து மணி நேரம் தாங்கினால் பெரிது. திரைக்குப் பின்னால் இருந்த குட்டி டியூப் மின்சாரத்தைக் குடித்துவிடும். கேம் பாய்க்கு நான்கே பேட்டரி, பதினைந்து மணி நேரம் சாதாரணமாக ஓடும். அமெரிக்காவில் லின்க்ஸ் ஏறத்தாழ 180 டாலர், இது 90. பேட்டரிக்குக் காசு கொடுத்தவன் என்ற முறையில் யோகோய்க்கு நான் கடமைப்பட்டவன்.

அந்தத் திரைக்கு ஏற்ற ஆட்டத்தைத்தான் அமெரிக்காவில் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ். யோசித்துப் பார், திரை முழுவதும் அசையாமல் கிடக்கும், ஒரே ஒரு கட்டை மட்டும் மெதுவாக இறங்கும். நிழல் இழுபட அங்கே அதிகம் வழியில்லை. எட்டு கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே உட்கார வைத்துவிட்டார்கள்.

உன்னுடையதைப் பற்றிச் சொல்கிறேன். பேட்டரியை எடுக்காமலே பரணில் போட்டிருக்கிறாய். ஒழுகி, கம்பிச்சுருளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், போய்விட்டது. இயக்கினால் சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் நெட்டுக்குத்தாகச் சில கோடுகள் காணவில்லை. திரைக் கண்ணாடியையும் சர்க்யூட் பலகையையும் இணைக்கும் மெல்லிய பட்டை கீழ் விளிம்பில் ஒட்டு விட்டிருந்தது. சால்டரிங் அயர்னை அதிகம் சூடேற்றாமல் அந்த விளிம்பில் மெதுவாக நகர்த்தினேன். ஒவ்வொரு கோடாக உயிர் பெற்று வந்தது. பொத்தான்களுக்கு அடியில் நம் டிவி ரிமோட்டில் இருக்கும் அதே கார்பன் பூசிய ரப்பர்தான்; ஆல்கஹாலில் துடைத்தால் போதும். இப்படி வீட்டு மேசையில் வைத்துப் பழுது பார்க்க முடிவதுதான் என் கணக்கில் இதன் முதல் சிறப்பு. உறுதியிலும் குறைவில்லை: வளைகுடாப் போரில் தீயில் வெந்து, வெளிக்கூடு கருகிய ஒரு கேம் பாயை நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் நெடுங்காலம் ஓடவிட்டு வைத்திருந்தார்கள்.

உன் போக்கிமான் கேட்ரிட்ஜில், அதாவது பெட்டியில் செருகும் அந்த ஆட்ட வில்லையில், ஒரு சங்கடம். நீ சேமித்து வைத்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துபோயிருக்கிறது, அதோடு சேமித்ததும் போயிற்று. புதியது வைத்துவிட்டேன். பேரன் முதலிலிருந்து தொடங்கட்டும்.

மாப்பிள்ளை சொல்லும் ஸ்விட்ச், அதே நின்டெண்டோவின் இந்தக் காலத்து கேம் பெட்டி, நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. வண்ணத் திரை, டிவியிலும் இணைக்கலாம், நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஆனால் பேட்டரி உள்ளேயே மூடிக் கிடக்கும், வயதானால் கூட்டைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். கை வைக்காமலே ஜாய்ஸ்டிக் தானாக நகரும் பழுதும் அதில் பலருக்கு வந்திருக்கிறது. கேம் பாயில் அந்தத் தொல்லைக்கு இடமில்லை; இருப்பது ஒரு கூட்டல் குறிப் பொத்தான், அதுவும் யோகோயின் யோசனைதான்.

என்னைக் கேட்டால் இரண்டும் இருக்கட்டும் என்பேன், ஆனால் இது முதலில் வரட்டும். பிள்ளைக்குக் கண் வலிக்கிறதென்றால் உள்விளக்கு உள்ள புதுத் திரை தனியாக விற்கிறது, தயங்காமல் மாற்றிவிடு. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை. பழைய திரையை மட்டும் தூக்கி எறியாதே.

கூரியரில் பேட்டரி வைக்கவில்லை, அங்கேயே வாங்கிக்கொள். பின்பக்க ஸ்க்ரூ மூன்று முனை கொண்டது. சாதாரண ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கெடுத்துவிடப் போகிறீர்கள் என்று அதற்கானதையும் வைத்திருக்கிறேன். படம் வரவில்லையென்றால் கேட்ரிட்ஜை வாயால் ஊதக் கூடாது என்று பேரனிடம் சொல். எச்சில் ஈரம் உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும். நீயும் ஊதாதே.

அன்புடன்,
அப்பா