மகப்பேறு மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்: முதல் மூன்று நாள் பவுடர் டின் வேண்டாம்

தனியார் மகப்பேறு மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

மருத்துவக் காரணம் இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் பவுடர் பால் எழுதிக் கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாம் நாள் ராத்திரி வார்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். குழந்தை வீறிடுகிறது. அம்மாவுக்கு சிசேரியன் வலியில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. "பாலே ஊறலையே" என்று மாமியார் கவலைப்படுகிறார். ஒரு சீட்டு வருகிறது, அப்பா மருந்துக்கடைக்கு ஓடுகிறார். என் மகளுக்கும் இப்படித்தான் நடந்தது. குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் அந்தச் சீட்டை எழுதியிருப்பார்கள். ஆனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நாங்கள் பயந்திருக்க மாட்டோம்.

கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பு சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அது பெருகாமல் தடுத்து வைப்பது புரோஜெஸ்ட்ரான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன் சரிகிறது, அப்புறம் இரண்டு மூன்று நாளில் பால் கட்டுகிறது. முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை ஒரு தடவைக்குச் சில மில்லிதான் வரும். பிறந்த அன்று குழந்தைக்குத் தேவைப்படுவதும் அவ்வளவுதான். எடை சற்றுக் குறைவதும் இயல்புதான்.

அந்தச் சில மில்லிக்குள் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. குடலின் உட்சுவரில் கிருமி ஒட்டாமல் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் அதில் நிறைய இருக்கிறது. தாய் தன் வீட்டில், தன் தெருவில் எதிர்கொண்ட கிருமிகளை எதிர்க்கவே அது உருவாகியிருக்கிறது. பால் பெருகிய பிறகும் அதில் 150க்கும் மேற்பட்ட வகைச் சர்க்கரைகள் வருகின்றன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குடலில் வளர வேண்டிய பிஃபிடோ வகை நல்ல பாக்டீரியாவுக்கான உணவு! தாய்க்கும் பலன் உண்டு. பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது என்று 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் சொன்னார்கள்.

குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறுகிறது, பால் சுரக்கிறது. புட்டிப்பாலைக் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கும் குழந்தை சில மணி நேரம் மார்பைத் தேடாது. வெளியேறாமல் உள்ளே தங்கும் பால், சுரப்பைக் குறைக்கச் சொல்லும் செய்தியாகிவிடுகிறது. பால் போதாது என்று பயந்து கொடுத்த புட்டியே கடைசியில் பாலைப் போதாமல் செய்துவிடுகிறது.

எங்கள் பக்கமும் தவறுகள் உண்டு. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர் தருகிறோம், சில ஊர்களில் கழுதைப்பால்கூடத் தருகிறார்கள். அதை நிறுத்த நீங்கள் சொன்னால் கேட்போம். நீங்களே டின்னை எழுதித் தந்தால் எந்த முகத்தோடு நிறுத்தச் சொல்வீர்கள்?

பவுடர் பால் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2003இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. உங்களுக்கு இது புதிதல்ல என்பதால் மேலே சொல்லவில்லை.

சில குழந்தைகளுக்கு வேறு பால் உண்மையாகவே தேவைப்படும். ரத்தச் சர்க்கரை இறங்கிய குழந்தை, எடை மிகவும் குறைந்த குழந்தை, கடும் சிகிச்சையில் இருக்கும் தாய் என்று காரணங்கள் இருக்கின்றன. அப்போது காரணத்தைத் தாயிடம் சொல்லுங்கள். முதலில் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கப் பாருங்கள், தாய்ப்பால் வங்கி அருகில் இருந்தால் கேளுங்கள். பவுடரே கொடுக்க நேர்ந்தாலும், தாய் பீய்ச்சுவதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு, தாயும் சேயும் நலமாக இருந்தால், சிசேரியன் என்றாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுங்கள். ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவரை வார்டில் வையுங்கள். எட்டாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே மாமியாரையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டுப் பேசுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இதையும் எழுதுங்கள்: ஆறாம் நாளுக்குள் குழந்தை தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், போகாவிட்டால் இந்த எண்ணில் அழையுங்கள், ராத்திரியிலும் எடுப்போம் என்று.

அன்புடன்,
ஒரு குழந்தையின் பாட்டி