வேர் பிரித்த கைகளுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸ் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் நான் செய்துவந்த வேர் ஆய்வின் களப்பணி முடிந்துவிட்டது. கட்டுரை வெளிவரும்போது அதில் நாலைந்து பெயர்கள்தான் இருக்கும். உழைத்தவர்கள் அதைவிட அதிகம். அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, ஆய்வகத்தில் உட்கார்ந்து வேர் பிரித்த மாணவர்களுக்கு. அந்தக் காடுகளின் வடக்குச் சரிவுகளில் பிளாக் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கு அடியில் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது கோடையிலும் உருகாத உறைமண் கிடக்கிறது. அதனால் வேர்கள் ஆழம் போக முடியாமல் பெரும்பாலும் மேலே உள்ள பாசியிலும் மக்கிலும்தான் ஓடுகின்றன. அந்த மண்ணை உருளையாக வெட்டி எடுத்துவந்து, சல்லடையில் கழுவி, முடி போன்ற வேர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். உயிருள்ள வேர் வளைந்து கொடுக்கும். செத்தது கறுத்துப்போய், தொட்டால் ஒடியும். ஸ்ப்ரூஸ் வேர் எது, பக்கத்துப் புதரின் வேர் எது என்று தெரியவே கண் பழக வேண்டும். சில உருளைகளுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முதுகு வலித்தும் நீங்கள் அவசரப்படவில்லை.

வடக்கு உறைமண் பகுதிகளில் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கார்பன் இருக்கிறது. காற்று மண்டலத்தில் இருப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு. உறைமண் இன்னும் ஆழமாக உருகினால் வேரும் கீழே இறங்கலாம். அது புதிய கார்பனை மண்ணுக்குள் கொண்டுபோகும். அதே வேர் கசியவிடும் சர்க்கரை, நுண்ணுயிர்களை உசுப்பிப் பழைய கார்பனையும் சிதைத்துக் காற்றில் கலக்கச் செய்யலாம். சேர்வது எவ்வளவு, போவது எவ்வளவு என்று கணக்குப் போட உங்கள் இடுக்கி வேலை இல்லாமல் முடியாது.

அப்புறம், அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக நான் மதுரைக்கு வந்திருந்த செப்டம்பரில் எனக்குப் பதிலாகக் காட்டுக்குப் போனவருக்கு. மண் மிக ஆழமாக உருகியிருப்பது அப்போதுதான். அதை விட்டால் அந்த வருட அளவே இல்லை. இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, உறைமண்ணில் முட்டும் இடத்தை அளந்து, ஈரமான நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அன்றிரவே அனுப்பினீர்கள். மருத்துவமனை வராந்தாவில் அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி!

பொனான்சா க்ரீக் நீண்டகால ஆய்வுத் திட்டத்தில் 1987 முதல் தரவு சேர்த்துவரும் எல்லோருக்கும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான டனானா டெனே மக்களுக்கும் என் வணக்கம்.

பிரித்த வேர்கள் உலர்ந்து, பெயரெழுதிய உறைகளில் இருக்கின்றன. கார்பன் அளவு பார்க்கத் தொடங்கியாயிற்று. முடிவு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் தோழி