மாப்ளைக்கு, கோவில்பட்டியில இருந்து

மாப்ள, எப்படி இருக்க? தங்கச்சி, பிள்ளைக எல்லாம் சௌக்கியமா? ரிட்டயர் ஆனதும் சென்னையிலயே இருந்துரவா ஊருக்கு வந்துரவானு போன்ல கேட்டியே, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்க.

அம்மா விழுந்த விஷயத்த உனக்கு முழுசா சொல்லவே இல்ல. ஐப்பசி திருக்கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் நாளு, நான் ராத்திரி திருநெல்வேலில தங்கிட்டேன், வீட்ல அம்மா மட்டும்தான். அம்மா அஞ்சரைக்கெல்லாம் வாசல் தெளிச்சு கோலம் போட்டுரும்ல, அன்னைக்கு ஆறரை ஆகியும் வாசல் காஞ்சு கெடந்திருக்கு. எதுத்த வீட்டு அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்கு தூக்குச்சட்டியோட கெளம்புனவங்க, என்னடா கோலத்தக் காணோம்னு கதவத் தட்டி, சத்தம் வராம போகவும் பின்பக்கமா ஆள ஏத்தி விட்டுப் பாத்தா பாத்ரூம் வாசல்ல கெடக்கு. டீக்கடைக்காரரு கடைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்துருக்காரு. நான் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள எக்ஸ்ரேயே எடுத்து முடிச்சிட்டாங்க, இடுப்பு எலும்பு. அந்த அக்காவுக்கு பீஸ் ரேட்டு, போகலன்னா அன்னைக்கு கூலி கெடையாது. பணத்த நீட்டுனேன், "என் மூத்தவன் பொறந்தப்ப வெந்நி வச்சுக் குடுத்தது யாரு, ஒங்காத்தா, போடா"னு கையத் தட்டி விட்டுட்டாங்க. அழுகை வந்துருச்சு மாப்ள.

ஆனா ஆபரேஷனுக்கு மதுரைக்குத்தான் போகணும்னு ஆயிருச்சு, ஆம்புலன்ஸ்ல ரெண்டு மணி நேரம் அம்மா வலியில முனகுனது இன்னும் காதுல இருக்கு, அதையும் ஒன்கிட்ட சொல்லணும். தண்ணி சீவலப்பேரில இருந்து தாமிரபரணி தண்ணிதான், இருந்தாலும் கோடைல கொடத்த எண்ணிக்கிட்டுத்தான் இருக்கணும்.

நம்ம ஹாக்கி கிரவுண்டு மட்டும் மாறல, மாறலன்னா மனுசங்க மாறல. நாம முட்டி கிழிய மண்ணுல ஆடுனோம், ஒடஞ்ச ஸ்டிக்க ஆணி அடிச்சு சைக்கிள் ட்யூப்ப சுத்தி ஆடுனோம், இப்ப கிருஷ்ணா நகர்ல செயற்கைப் புல்லு போட்ட டர்ஃப், தண்ணிய தெளிச்சு நனைச்சுத்தான் ஆடணும். காலைல போய் நின்னா ரைட் அவுட் ஆடுன நம்ம அண்ணன் இந்த வயசுலயும் விசில் ஊதிக்கிட்டு நிக்காரு, பைசா வாங்குறது இல்ல. வர்ற பயக பாதி பேரு வீட்ல அம்மாவோ அப்பாவோ தீப்பெட்டி ஆபீஸ்தான், ஸ்டிக் வெல ஆயிரக்கணக்குல போகுது, அதனால பழைய ஆளுக மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் குடுக்கோம். 2022ல நம்ம மாரீஸ்வரன் இந்தியா டீமுக்கு ஆசியக் கோப்பை ஆடுனப்ப, ஊரே தன் வீட்டுப் பிள்ளை ஆடுற மாதிரி போனப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

இந்தப் பக்கத்து சனமே அப்படித்தான், ஒனக்கு நான் சொல்லணுமா, 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போன செந்தூர் எக்ஸ்பிரஸ்ல ஒன் மச்சினனும் தான இருந்தான், கிட்டத்தட்ட 800 பேரு, புதுக்குடி ஊர்க்காரங்க அவங்க வீட்லயும் தண்ணி சூழ்ந்து நிக்கும்போதே கோயில்ல அடுப்பு மூட்டி சோறாக்கிப் போட்டாங்க.

எனக்கு ஒரே பயம் என்னன்னா, இந்த தீப்பெட்டி ஆபீஸ்க ஒவ்வொண்ணா மூடுது. லைட்டர் வந்து அடிச்ச அடி. 2021 டிசம்பர்ல பெட்டி 2 ரூபா ஆக்குனாங்க, 14 வருசத்துக்கு அப்புறம், 2023ல 20 ரூபாய்க்குக் கொறஞ்ச லைட்டர் இறக்குமதிக்கு தடையும் வந்துச்சு, ஆனாலும் மூச்சு விட முடியல. யோசிச்சுப் பாரு, காலைல அந்தப் பொம்பளைக எல்லாம் சேந்து தெரு வழியா நடந்து வேலைக்குப் போறதாலதான எந்த வாசல்ல கோலம் இல்லனு கண்ணுல படுது? அந்த வேலை போயி அவங்களும் திருப்பூரு பக்கம் போயிட்டா தெரு இருக்கும், பாக்க ஆளு இருக்காது. ஊரு நல்ல ஊருனு சொல்றவங்க யாரும் இத நெனைக்கிறது இல்லயேனு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

சரி, ஒன் கேள்விக்கு வாறேன். எனக்கு நீ வரணும். ஆனா தங்கச்சி மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவ, வீட்ட வித்துட்டு வந்துராத. மே மாசம் அகில இந்திய ஹாக்கி போட்டி நடக்கும்ல, அப்ப ரெண்டு பேரும் வாங்க, ஒரு மாசம் எங்க மாடியிலயே தங்கிப் பாருங்க. சாயங்காலம் லைட்டு வெளிச்சத்துல மேட்ச் பாப்போம், கடலை மிட்டாய் சூடா வெட்டுறப்பவே கடையில நின்னு வாங்கிக்குவோம்.

வரும்போது அம்மா வாக்கர் காலுக்கு மாட்டுற ரப்பரு நாலு வாங்கிட்டு வா மாப்ள, இங்க அந்த சைஸ் கெடைக்க மாட்டேங்குது, அளவ வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்புறேன்.