அறிவியல் தொழில்நுட்பக் கூடம்: கட்டடக் குழுவின் நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கல்லூரியின் கூடம் எழும்பிவிட்டது. அடித்தளம், கூரை, மின்கம்பி, சாயம் எல்லாம் ஒப்பந்தப்படி முடிந்தன. கூட்டத்தில் எல்லோரும் கேட்டது மேசை விவகாரத்தைத்தான். அதையே எழுதுகிறேன்.

ஆய்வு மேசைக்கு ரப்பர் மரம் போதும் என்று முடிவெடுத்தது குழுதான். மலேசியாவின் ரப்பர் தோட்ட ஊரான இந்தச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வேறு மரம் தேடுவானேன்? 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை மறுநடவுக்காக எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். காட்டு மரத்தில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் வண்டு விழும். ஒப்பந்தத்திலும் இதை எழுதியிருந்தோம்.

மேசைகள் வந்த மூன்றாம் மாதம், கூட்டுகிற அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேசைக் காலடியில் புட்டு மாவு மாதிரி சின்னக் குவியல். துடைத்தோம். மறுநாள் காலை அதே இடத்தில் அதே குவியல். பலகையில் குண்டூசி அளவு ஓட்டைகள். வண்டு விழுந்துவிட்டது. ஒப்பந்தம் எடுத்த குத்தகையாளர் வந்து பார்த்து, "சாக்பீஸ் தூள்தாங்க" என்றார். மார்க்கர் பேனாவில் எழுதுகிற கூடத்தில் சாக்பீஸ்! அப்புறம் ஈரக்காற்று என்றார், அப்புறம் மேலே ஒரு கை வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றார். மருந்தேற்றிய சான்றிதழ் மட்டும் இன்றுவரை வரவில்லை.

"நம்ம ஊர் ஆள், விட்டுக்கொடுங்கள்" என்று சிலர் சொன்னீர்கள். உங்கள் காசில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை. ஒப்பந்தத் தொகையில் பிடித்து வைத்திருந்த 5 விழுக்காட்டைக் கொடுக்காமல், வேறு பட்டறையில் மேசைகளைச் செய்வித்தோம். அந்தப் பணம் பற்றவில்லை. அதனால் நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டி இரண்டு வாங்க நினைத்தது ஒன்றாகிவிட்டது. அது அறையின் குளிர்காற்றையும் சேர்த்து வெளியே தள்ளுவது, ஒன்று குறைந்தால் மின்கட்டணம் மிச்சம்தானே என்றார் பொருளாளர். சும்மா சமாதானம்தான்.

கட்டடம் சாலையைப் பார்க்கவில்லை, வாஸ்து பார்க்கவில்லை என்றும் பேச்சு. வெயில் பார்த்தோம். இந்த ஊரில் காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான் சுவரைச் சுடும். அதனால் நீளச் சுவர்களும் சன்னல்களும் வடக்கு, தெற்காக இருக்கின்றன. கூரை மழைநீர் தொட்டிக்கு வந்து கழிப்பறைக்குப் போகிறது.

கொடுத்தவர்கள்: ஓய்வுபெற்ற பெரிய கிராணி (தோட்டத்துத் தலைமை எழுத்தர்), லாரி முதலாளிகள் இருவர், சாமான் கடைக்காரர், பலகை ஆலைத் தவுக்கே (முதலாளி), மாரியம்மன் கோயில் மாதர் குழு, தோட்டத்து லயத்துக் குடும்பங்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள், பெயர் வேண்டாம் என்ற ஒரு பாட்டி. மற்ற பெயர்கள் வாசல் பலகையில். 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்ட மக்களிடம் பத்துப் பத்து வெள்ளிப் பணமாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் இது. இங்கே இன்னும் பத்து வெள்ளிக்கும் ரசீது கேட்கிறார்கள். கொடுத்திருக்கிறோம்.

நம்பாதவர்களுக்காகப் பழைய மேசை ஒன்றைப் பிளாஸ்டிக் சுற்றி, கல்லூரிக்கு வெளியே ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறோம். சாவி என்னிடம் இருக்கிறது.

செயலாளர், கட்டடக் குழு