சேனல் காலியான்னு கேக்க எங்க வீட்டு வாசலை ஏன் காட்டணும்? டிராய்க்கு ஒரு திறந்த மடல்

டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தலைவர் அய்யாவுக்கும், தொலைத்தொடர்புத் துறையில ஸ்பெக்ட்ரம் (ரேடியோ அலைவரிசை) வேலையை பாக்குற அதிகாரிங்களுக்கும் மும்பை தாராவில இருந்து வணக்கம்.

நான் தொண்ணூறடி ரோடு பக்கம் 11 வருஷமா நெட் லைன் போடுற வேலை பாக்குறேன், தாத்தா காலத்துல திருநெல்வேலில இருந்து இங்க வந்த குடும்பம். 2023 டெலிகாம் சட்டத்துல ஸ்பெக்ட்ரத்தை பகிர்ந்துக்க வழி வச்சிருக்கீங்க, அது நல்ல விஷயம், நான் எதுக்கவே இல்ல. பகிர்ந்துக்குற முறைல ஒரு ஓட்டை இருக்கு, விதி எழுதுறதுக்கு முன்னாடியே அத அடைச்சிடணும்னு கேட்டுக்கத்தான் இந்த மடல்.

டிவிக்குன்னு ஒதுக்கி சும்மா கெடக்குற சேனலை நெட்டுக்கு எடுத்துக்குற முறைய பாருங்க. எந்த சேனல் எங்க காலின்னு கருவிக்கு தானா தெரியாது, அதனால அது ஜிபிஎஸ்ல தன் இடத்தை எடுத்து ஒரு டேட்டாபேஸுக்கு அனுப்பும், 'இங்க இந்தந்த சேனல் காலி, எடுத்துக்கோ'ன்னு அங்க இருந்து பதில் வரும். அமெரிக்கால எழுதின விதிப்படி கைல கொண்டு போற கருவி 100 மீட்டருக்கு மேல நகர்ந்தா மறுபடி கேக்கணும். இப்ப யோசிச்சு பாருங்க, எங்க தெருவுல இருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடக்குற ஒரு பொண்ணு, நூறு நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி, காலைல போற வழி ராத்திரி திரும்புற வழி நடுவுல எந்த டாக்டர்கிட்ட போனா எவ்வளவு நேரம் இருந்தா, அத்தனையும் யாரோ ஒருத்தர் சர்வர்ல வரிசையா உக்காந்திருக்கும். பேரை எடுத்துட்டோம்னு சொன்னா அதுவும் போதாது. 15 லட்சம் பேரோட போன் இடத்தை வச்சு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, எங்க எப்போ இருந்தாங்கன்னு நாலே புள்ளி இருந்தா 95 சதவீதம் பேரை தனியா பிரிச்சிடலாம்னு அதுல காட்டியிருக்காங்க.

இடத்தை அனுப்பாம விட்டாலும் கசியும், இது பலருக்கு தெரியாது. நீ எந்த சேனல்ல இருக்கன்னு தெரிஞ்சா அந்த சேனல் காலியா இருக்குற பகுதிக்குள்ள நீ இருக்கன்னு அர்த்தம், கொஞ்ச நேரத்துல வேற சேனலுக்கு மாறினா இன்னொரு பகுதி, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடத்துலதான் நீ இருக்க. இப்படி அஞ்சாறு தடவை மாறினா வட்டம் சுருங்கிக்கிட்டே வரும்.

எங்க சால்ல (வரிசையா ரூம் இருக்குற குடியிருப்பு) குடியிருந்த ஒரு அக்கா, புருஷன் அடி தாங்காம நாலாசோப்பாரால தோழி ரூமுக்கு ரெண்டு துணிப்பையோட போனாங்க. மூணாவது நாள் அவன் வாசல்ல வந்து நின்னான். போன்ல இருந்த ஏதோ ஒரு ஆப் இடத்தை காட்டிக் குடுத்திருக்கு. அன்னைக்கு ராத்திரி அவங்களை கூட்டிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன், அந்த முகத்தை என்னால மறக்க முடியல.

"இடத்தோட துல்லியம் கம்மி பண்ணா சேனல் வீணாகும், டிவிக்கு இடைஞ்சல் வரும்"னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. மத்த நாட்டுல அது சரியா இருக்கலாம், நம்மகிட்ட கதையே வேற. ஐஐடி பாம்பே ஆளுங்க கணக்குப்படி 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற 15 சேனல்ல கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் 12 சேனலாவது காலி, ஏன்னா இங்க தரைவழி டிவின்னா தூர்தர்ஷன் மட்டும்தான். இவ்வளவு மிச்சம் இருக்குறப்போ ஒரு கருவி தன் வாசலை காட்டி கேக்கணும்னு என்ன அவசியம்? மாவட்டம் முழுசுக்கும் உள்ள சேனல் பட்டியலை ஒரே தடவைல இறக்கிட்டு உள்ளுக்குள்ளயே தேடிக்கட்டும், இல்லன்னா சரியான புள்ளிய சொல்லாம, தான் இருக்குற ஒரு பெரிய கட்டத்தை மட்டும் சொல்லி கேக்கட்டும். ரெண்டு சேனல் கொறஞ்சா கொறையட்டும்.

கட்டம் எவ்வளவு பெருசுன்னு மீட்டர்ல மட்டும் எழுதிடாதீங்க. நான் தாராவில கூரை மேல ஏறி நின்னா 50 மீட்டர் வட்டத்துக்குள்ள மாடி மேல மாடியா நூறு குடும்பத்துக்கு மேல இருக்கும், யாரு எந்த ரூம்னு பிரிக்கவே முடியாது. பால்கர்ல, இதே ஐஐடிக்காரங்க இந்த நெட்டை கிராமத்துல போட்டு பாத்த மாவட்டம், ஒரு ஆதிவாசி பாடால (சின்ன குடியிருப்பு) வேலைக்கு போயிருந்தேன், அங்க 50 மீட்டர்னா ஒரு வீடு, ஒரு ஆட்டுக்கொட்டாய், அவ்வளவுதான். அந்த கட்டத்துக்குள்ள குறைஞ்சது எத்தனை குடும்பம் இருக்கணும்னு விதில எழுதுங்க. கூரைல நிரந்தரமா மாட்டுற பெரிய ஆண்டெனாவுக்கு சரியான இடம் கேளுங்க, இடைஞ்சல் வந்தா தேடிப் போகணும், அது நியாயம். கைல இருக்குற கருவிக்கு வேண்டாம், வந்த கேள்விய பதில் குடுத்ததும் அழிச்சிடணும்.

அழிக்க முடியாதுன்னு யாராவது சொன்னா அமெரிக்கால கடற்படை ரேடாரோட மத்தவங்க பகிர்ந்துக்குற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல என்ன பண்ணாங்கன்னு காட்டுங்க. கடற்படை ரேடார் வருதான்னு பாக்குற சென்சார், கப்பல் எங்க இருக்கு எப்படி நகருதுன்ற விவரத்தை சேமிச்சு வைக்கக் கூடாதுன்னு விதிலயே எழுதியிருக்காங்க. கப்பலுக்கு முடியுது, எங்க அக்காவுக்கு ஏன் முடியாது? 2017ல புட்டசாமி வழக்குல 9 நீதிபதிங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க, அது போன்ல இருந்து கிளம்புற இந்த கேள்விக்கும் சேத்துத்தான்.

அடுத்த கலந்தாய்வு அறிக்கைல இருப்பிடத்துக்குன்னு தனியா ஒரு கேள்வி போடுங்க, மராத்திலயும் தமிழ்லயும் பதில் எழுத விடுங்க. எங்க சால்ல இருந்து மட்டும் நாப்பது பேர் எழுதுவோம், நான் உக்காந்து எழுதி வாங்கி அனுப்புறேன்.

இப்படிக்கு,
தாராவில நெட் லைன் போடுற ஒருத்தன்